இறையியல் படிக்க 4 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருநெல்வேலியில் தனியார் நிறுவனக் கணக்கர் நான். வயது 47, பி.காம். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 14,000. மகள் பத்தாம் வகுப்பு. இறையியலும் தத்துவமும் முறையாகப் படிக்க நெடுநாள் ஆசை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஆன்லைனில் முதுகலைப் பட்டம் தருகிறது. கட்டணம் 4,500 டாலர், மொத்தமாகக் கட்ட வேண்டும். ஓய்வுக்குப் பின் சபை ஊழியத்துக்கும் உதவுமே என்று பார்க்கிறேன். 4 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா?

பதில்: அவசியம் படியுங்கள். கடன் மட்டும் வேண்டாம்.

13 சதவீத வட்டியில் 4 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,730. வட்டி மட்டும் 1.15 லட்சம். வீட்டுக்கடனோடு சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். மகள் கல்லூரியில் சேரும்போதும் இது முடிந்திருக்காது. இந்தப் படிப்பால் சம்பளமும் உயரப்போவதில்லை. கல்விக் கடன் வட்டிக்கு உள்ள வரிச்சலுகை பர்சனல் லோனுக்குக் கிடையாது. புதிய வரி முறையில் இருந்தால் கல்விக் கடனுக்கும் கிடையாது.

கிரெடிட் கார்டில் கட்டும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் கட்டணம் 4,05,000. பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 16,700 ரூபாய் வீணாகப் போகும்.

ஊழியம் என்கிறீர்களே, அதில்தான் முதல் தெளிவு வேண்டும். குருத்துவப் பணியா, சபையாராக இருந்து வேதபாடம் நடத்துவதா? எந்தப் பட்டத்தை ஏற்பார்கள் என்று உங்கள் சபையை நிர்வகிக்கும் திருமண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி போதாது. சபையாராகவே தொடர்வதென்றால் செராம்பூர் கல்லூரியின் இறையியல் பட்டங்களை வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட்டின் பி.சி.எஸ். (கிறிஸ்தவக் கல்வி இளங்கலை) படிப்பைப் பாருங்கள். செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை 1827-இல் டென்மார்க் மன்னர் தந்த சாசனத்தில் வந்தது. பி.சி.எஸ்.ஸை வேலையை விடாமல், விடுதியில் தங்காமல் வெளிமாணவராகப் படிக்கலாம்.

தத்துவத்துக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் தொலைநிலை எம்.ஏ. இருக்கிறது. எந்தப் பட்டதாரியும் சேரலாம், உங்கள் பி.காம். போதும். குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 4 ஆண்டு. கட்டணம் ஆண்டுக்காண்டு கட்டுவதால் இடையில் நிறுத்த நேர்ந்தாலும் மொத்தப் பணமும் முடங்காது. சேரும் முன் யுஜிசியின் டெப் ஐடி (தொலைநிலைப் படிப்பில் சேர்வோருக்கான பதிவு எண்) எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல்கள் தமிழில் கிடையாது.

பலர் தடுக்கி விழுவது பணத்தில் அல்ல, நேரத்தில். பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகான ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது இக்னோ கணக்கு. 4 கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி. வாரம் 8 மணி நேரம் ஒதுக்கினாலும் 15 வாரம் ஆகும். அசைன்மென்டைத் தள்ளிப்போட்டுக் கடைசித் தேதியைத் தவறவிடுகிறார்கள். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்டுக்குத்தான். தேர்வில் நன்றாக எழுதியிருந்தாலும் அது இல்லாமல் அந்தத் தாள் முடிந்ததாகாது. இரண்டாம் ஆண்டு மறுபதிவை மறந்து ஒரு பருவத்தையே இழப்பவர்களும் உண்டு.

அதனால் முதலில் ஐஐடிகளின் ஆன்லைன் பாடத்தளமான என்பிடெல்லில் ஒரு தத்துவப் பாடம் எடுங்கள். படிக்கக் காசில்லை, சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு 1,000 ரூபாய். கூடவே இந்த மாதமே மாதம் 2,500 ரூபாய்க்கு ஓராண்டு ஆர்டி (தொடர் வைப்பு) தொடங்குங்கள். முடிவில் 30,000-மும் வட்டியும் கையில் இருக்கும். வாரம் 8 மணி நேரம் உங்களால் உட்கார முடிகிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். முடிகிறதென்றால் அந்தப் பணத்தில் முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அடுத்த ஆண்டுக்கு அதே ஆர்டியை மறுபடி போடுங்கள்.