காரின் ஈசியூவை (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை) கழற்றி மாற்றும்போது நிலைமின்சாரத்தால் அது கெட்டுப்போகுமா? பேட்டரியைக் கழற்றிவிட்டால் போதாதா?

போதாது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது ஷார்ட் சர்க்யூட்டைத் தடுக்கத்தான்; அதை அவசியம் செய்யுங்கள். ஆனால் நிலைமின்சாரம் சேர்ந்திருப்பது உங்கள் உடம்பில். பேட்டரியைக் கழற்றுவதால் அது குறையாது.

கார்களின் மின்பகுதிகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில், இந்த விஷயத்தில் அலட்சியம் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். கதவின் கைப்பிடியைத் தொடும்போது சுரீர் என்று ஓர் அதிர்ச்சி வருகிறதே, அதை நாம் உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். ஆனால் சில நுண்சில்லுகள் பழுதாக 100 வோல்ட்டுக்கும் குறைவே போதும். நம் விரலுக்கு எதுவுமே தெரியாமல் ஒரு பகுதி கெட்டுவிடலாம். அதைவிட மோசம், அது அப்போதே சாகாமல் அரைகுறையாகப் பழுதாவது. அன்று வண்டி ஒழுங்காக ஓடும்; சில வாரங்கள் கழித்துக் காரணமே தெரியாத கோளாறு தலைகாட்டும். அப்போது வயரிங்கையும் சென்சாரையும் சந்தேகித்து வீணாக அலைவோம்.

அதே சமயம் அளவுக்கு மீறிய பயமும் வேண்டாம். வண்டியில் பொருத்தப்பட்டு, கனெக்டர் மாட்டியிருக்கும் ஈசியூ எளிதில் கெடாது. கார்களுக்கான ஐஎஸ்ஓ 10605 என்ற தரநிலையே இத்தகைய மின்னிறக்கத்தைத் தாங்குகிறதா என்று சோதிப்பதற்கானது. கனெக்டரைப் பிடுங்கிய பின் வெளியே தெரியும் பின்கள்தான் கவலைக்குரியவை. மூடியைத் திறந்து சர்க்யூட் போர்டையே கையில் எடுத்தால் ஆபத்து பல மடங்கு.

பலரும் "எர்த் செய்ய வேண்டும்" என்றதும் தரையைத் தேடுகிறார்கள். கார் நிற்பது ரப்பர் டயர்களில். எனவே நீங்கள், கையிலுள்ள பகுதி, காரின் பாடி ஆகிய மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதே முக்கியம். புதிய ஈசியூவை உறையிலிருந்து எடுக்கும் முன், உறையோடு சேர்த்துப் பிடித்தபடி பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டைத் தொடுங்கள். பெயின்ட் மின்கடத்தாது, பளபளக்கும் பாடியைத் தொட்டுவிட்டு மின்னூட்டம் வடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இருக்கையில் சறுக்கி உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் உடம்பில் மறுபடி மின்னூட்டம் ஏறும், ஆகவே மறுபடி தொட வேண்டும். காற்று வறண்டிருக்கும் நாட்களில் இது இன்னும் அதிகம்.

கையில் கட்டி, உடம்பைக் காரின் பாடியோடு வயரால் இணைக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப் இருந்தால் இந்த நினைவுச் சுமையே இல்லை. அதன் கிளிப்பையும் பெயின்ட் இல்லாத உலோகத்தில்தான் மாட்ட வேண்டும். கடையில் வாங்கும் ஸ்ட்ராப்பில் 1 மெகாஓம் மின்தடை இருக்கும். மின்னூட்டம் மெல்ல வடிய அது வழிவிடும். தவறிப்போய் 230 வோல்ட்டைத் தொட்டாலும் அதன் வழியே பாயும் மின்னோட்டம் கால் மில்லிஆம்பியரைத் தாண்டாது. வெறும் வயரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதில் இந்தப் பாதுகாப்பு கிடையாது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள்களுக்கு அருகில் வேலை செய்யும்போது எந்த ஸ்ட்ராப்பும் கட்டக் கூடாது.

உறைகளில் ஒரு வித்தியாசம் உண்டு. இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் உறை தானாக மின்னூட்டம் உருவாக்காது, அவ்வளவே. வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுப்பது வெள்ளி நிற உலோகப்பூச்சு உறை. கழற்றிய போர்டை அதற்குள் வையுங்கள், அதன் மேல் அல்ல. தெர்மாகோல், சாதாரணப் பிளாஸ்டிக் பை இரண்டும் பக்கத்திலேயே வேண்டாம்.

ஏர்பேக் கனெக்டரைத் தொட வேண்டியிருந்தால் மட்டும் இதற்கு மேலும் கவனம் தேவை. பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் அமைப்பின் மின்தேக்கிகளில் சிறிது நேரம் மின்சாரம் இருக்கும். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் நிமிடங்கள் முழுக்கக் காத்திருந்து, வெற்று உலோகத்தைத் தொட்ட பின்பே கை வையுங்கள். சாதாரண மல்டிமீட்டரால் ஏர்பேக்கின் மின்தடையை அளக்க முயலவே வேண்டாம். மீட்டர் செலுத்தும் சிறு மின்னோட்டத்தாலும் ஏர்பேக் வெடிக்க வாய்ப்பிருக்கிறது.