இரட்டைக் காபரேட்டரை வீட்டிலேயே சமன்செய்யலாமா?

கேள்வி: என்னிடம் இரண்டு காபரேட்டர்கள் கொண்ட பழைய ஹொண்டா சீபீ 200 மோட்டார் சைக்கிள் உள்ளது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது. இடப்பக்கச் சைலன்சரில் சூடு குறைவு. கராஜில் இரண்டு காபரேட்டர்களையும் மாற்றச் சொல்கிறார்கள். நானே சரிசெய்ய இயலுமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: இயலும். உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போவதற்கு முன், குறை, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரில்தான் உள்ளதா என்று பாருங்கள். வால்வு இடைவெளி, பிளக், பொயின்ட் (பிளக்கில் தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை) ஆகியவற்றுள் ஒன்று பிழைத்திருந்தாலோ, காபரேட்டர் எஞ்சினுடன் சேரும் இடத்தில் காற்றுக் கசிந்தாலோ, எவ்வளவு திருகினாலும் சமநிலை வராது.

அவை சரியெனில் எஞ்சினை நிறுத்தி, ஏர் பில்டர்களைக் கழற்றுங்கள். காபரேட்டர் வாய்க்குள் தெரியும் சிலைட்டுகள் (எக்சிலேட்டரை முறுக்கும்போது மேலெழுந்து காற்றுக்கு வழிவிடும் அடைப்புகள்) இரண்டின் கீழும் ஒரே பருமனுள்ள, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் துளைக்கம்பிகளின் (டிரில் பிட்) மழுங்கிய முனைகளைச் செருகி, எக்சிலேட்டரை மிக மெதுவாக முறுக்கினால், இரண்டு கம்பிகளும் ஒரே கணத்தில் தளர வேண்டும். ஒன்று முந்தினால், பிந்துகின்ற பக்கத்துக் கேபிளின் தளர்வை அட்ஜஸ்டரைத் திருகிக் குறையுங்கள். ஆனால் சிறிது தளர்வு எஞ்சியிருக்க வேண்டும், இல்லையேல் ஹாண்டிலை முழுதாகத் திருப்பும்போது எஞ்சின் வேகம் தானாகவே ஏறும். கேபிளைப் பார்க்காமல் ஐட்லிங் ஸ்குரூவை (எக்சிலேட்டரை விட்டபின் எஞ்சின் ஓடும் வேகத்தை அமைக்கும் திருகாணி) மட்டும் திருகுவது பல கராஜ்களின் வழக்கம். அதனால் நிற்கும்போது நடுக்கம் குறையலாம், ஓடத் தொடங்கியதும் ஒரு சிலிண்டர் மற்றதை இழுத்துக்கொண்டே போகும்.

இனி கம்பிகளை எடுத்துவிட்டு, பில்டர்களைப் பூட்டி, எஞ்சினைச் சூடாக்குங்கள். ஒரு பக்கத்துப் பிளக் வயரைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கைப் பொருத்தி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் நன்றாகத் தொடுமாறு வைத்தபின், மற்றச் சிலிண்டர் தனியாக மெதுவாக ஓடும்படி அதன் ஐட்லிங் ஸ்குரூவைத் திருகுங்கள். மறுபக்கத்தையும் அதே வேகத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து ஓட்டினால் வேகம் கூடும். அப்போது இரு ஸ்குரூக்களையும் சம அளவில் தளர்த்துங்கள். காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால், நின்ற இடத்திலேயே நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள். முன்னால் ஒரு மின்விசிறியை வைப்பது நல்லது. தொடர்மாடிக் குடியிருப்பின் மூடிய வாகனத் தரிப்பிடத்தில் இந்த வேலை வேண்டாம். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு உயிராபத்தானது.

இதற்குப் பின்பும் இடப்பக்கம் சூடாகாவிட்டால், பெரும்பாலும் அந்தக் காபரேட்டரின் பைலட் ஜெட் (குறைந்த வேகத்தில் பெற்றோல் வரும் சிறு துளையுள்ள பாகம்) அடைத்திருக்கும். அதைக் கழற்றி, காபரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தும் பயனில்லையெனில், கம்பிரஷனை (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) சோதித்த பிறகே புதிய காபரேட்டரைப் பற்றி யோசியுங்கள்.