80 ஆண்டும் 9 மாதமும் மிச்சமுள்ள லீஸ்: பிளாட்டை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நானும் மனைவியும் லண்டனில் வாடகைக்கு இருக்கிறோம். ஹாரோவில் இரண்டு அறை பிளாட் ஒன்றை 340,000 பவுண்டுக்குப் பேசி வைத்திருக்கிறோம். லீஸ்ஹோல்ட், அதாவது நிலம் வேறொருவருடையது, பிளாட் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் நம்முடையது. அதில் 80 ஆண்டும் 9 மாதமும் மிச்சம். "உங்கள் காலத்துக்குத் தாராளமாகப் போதும்" என்கிறார் ஏஜென்ட். அவரே ஒரு கன்வேயன்சரையும் (வீடு கைமாறும் சட்ட வேலையைப் பார்ப்பவர்) சொல்கிறார், அவரைத்தான் பிடிக்க வேண்டுமா? முற்பணத்தில் 15,000 பவுண்ட் சீட்டுக் காசு. இன்னும் 10,000 மாமா தருகிறார், "ஆறுதலாகப் பார்த்துத் தா" என்று சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் வீட்டை அப்பா 2019இல் என் பெயருக்கு நன்கொடை உறுதி முடித்துத் தந்துவிட்டார். இந்த நாட்டில் எங்களுக்கு வீடு இருந்ததே இல்லை. முதல் வீட்டுக்கான ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) சலுகை எங்களுக்குக் கிடைக்கும்தானே?

பதில்: கடைசியாகக் கேட்டதை முதலில் எடுக்கிறேன். அதில்தான் உங்கள் கணக்கு பிழைக்கிறது.

இங்கிலாந்தின் சட்டம் "இந்த நாட்டில்" வீடு இருந்ததா என்று கேட்கவில்லை. உலகில் எங்கேயாவது இருந்ததா என்றுதான் கேட்கிறது. காசு கொடுத்து வாங்கினாலும், சீதனமாகவோ நன்கொடையாகவோ முதுசமாகவோ வந்தாலும் ஒன்றுதான். இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருமே இதுவரை வீடு இல்லாதவர்களாக இருக்க வேண்டும். ஆகவே 2019 உறுதியோடு அந்தச் சலுகை போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு முடியவில்லை. யாழ்ப்பாண வீட்டில் உங்களுக்குள்ள உரிமையின் இன்றைய சந்தை மதிப்பு 40,000 பவுண்ட் அல்லது அதற்கு மேல் என்றால், இந்தப் பிளாட் உங்களுக்கு இரண்டாவது வீடு. 2024 அக்டோபர் 31 முதல் அதற்கு முழு விலையிலும் 5 சதவீதம் மேலதிக வரி. உங்கள் விலைக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வீடு என்றால் வரி 2,000 பவுண்ட். சாதாரண வீதம் என்றால் 7,000. மேலதிக வரியும் சேர்ந்தால் 24,000. ஒரே பிளாட், ஒரே விலை.

மனைவி பெயரில் மட்டும் வாங்கினால் தப்பலாமே என்று அடுத்து கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். தப்ப முடியாது. சேர்ந்து வாழும் கணவன் மனைவியில் ஒருவருக்கு வீடு இருந்தாலும், மேலதிக வரிக்கு இருவருக்கும் இருப்பதாகவே கணக்கு. யாழ்ப்பாண வீட்டைச் சகோதரிக்கு உண்மையாகவே எழுதிக் கொடுத்துவிட்டால், இங்கே கம்ப்ளீஷன் நாளில் (முழுக் காசும் கட்டி வீடு கைமாறும் நாள்) அது உங்களுடையதாக இராது, மேலதிக வரியும் வராது. ஆனால் இழந்த முதல் வீட்டுச் சலுகை அதனால் உங்களுக்குத் திரும்பி வராது. கடதாசியில் மட்டும் மாற்றிவிட்டு வீட்டை உள்ளுக்குள் நீங்களே வைத்திருக்கும் யோசனை இருந்தால் என்னிடம் வர வேண்டாம்.

ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். நம் ஊரில் பெற்றோர் பிள்ளைக்கு எழுதும்போது சீவிய உரித்தை (சாகும் வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை) தங்களுக்கு வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் உறுதியில் அப்படி ஒரு வரி இருந்தால், உங்கள் கையில் இருக்கும் உரிமையின் தன்மையும் மதிப்பும் வேறாகலாம். உறுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, இங்கத்தைய வரி தெரிந்த ஒருவரிடம் காட்டி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கன்வேயன்சர் நீங்கள் சொன்னதை வைத்துத்தான் வரிப் படிவத்தை நிரப்புவார். கம்ப்ளீஷனிலிருந்து 14 நாளுக்குள் அது போக வேண்டும். பிழை என்றால் தண்டம் உங்கள் தலையில்தான்.

இனி லீஸ். ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை, உங்கள் காலத்துக்குப் போதும்தான். ஆனால் பிளாட்டை விற்கப் போகும் நாளில் வாங்க வருபவரின் வங்கி உங்கள் வயதைப் பார்க்காது, லீஸில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பார்க்கும். அதைவிட உடனடியான ஆபத்து அந்த 80 என்ற கோடு. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி லீஸை இன்னும் 90 ஆண்டு நீட்டலாம், நிலவாடகையும் இல்லாமல் போகும். விண்ணப்பிக்கும் நாளில் லீஸ் 80க்குக் கீழே இறங்கியிருந்தால், நீட்டுவதால் பிளாட்டுக்குக் கூடும் மதிப்பில் பாதியை நில உரிமையாளருக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதைத்தான் மேரேஜ் வேல்யூ என்கிறார்கள். யார் யாரைக் கட்டினார்களோ, சீதனம் என்னவோ நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அதை ஒழிக்க 2024இல் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆனால் அந்தப் பிரிவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, அதை நம்பி வீடு வாங்க முடியாது.

உங்களிடம் இருப்பது 9 மாதம். லீஸ்ஹோல்ட் பிளாட் கைமாற நாலைந்து மாதம் எடுப்பது இங்கே சாதாரணம். கம்ப்ளீஷன் முடிந்தாலும் நிலப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற இன்னும் பல மாதங்கள் பிடிக்கலாம். முன்பு இரண்டு ஆண்டு சொந்தக்காரராக இருந்தால்தான் லீஸை நீட்டக் கேட்கலாம் என்று இருந்தது. 2025 ஜனவரி 31இல் அந்த விதி போய்விட்டது. அதைக் கேள்விப்பட்டு "வாங்கிய அடுத்த நாளே கேட்கலாம்" என்று பலரும் நினைக்கிறார்கள். பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் லீஸை நீட்டக் கேட்கும் நோட்டீஸைக் கொடுக்க முடியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பெயர் ஏறக் காத்திருக்கும் நேரத்தில் உங்கள் 80 கரைந்து போகலாம்.

வழி இருக்கிறது, பழைய வழிதான். எக்ஸ்சேஞ்சுக்கு (இரு பக்கமும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படும் கட்டம்) முன்பே, இன்று பதிவேட்டில் உள்ள விற்பவரைக் கொண்டு அந்த நோட்டீஸை, அதாவது 1993 சட்டத்தின் 42ஆம் பிரிவு நோட்டீஸைக் கொடுக்க வையுங்கள். அதன் உரிமையைப் பிளாட்டோடு சேர்த்து உங்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாளில் ஆண்டுக் கணக்கு நின்றுவிடும். நீட்டும் செலவை மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கணக்கிட்டு, அதை வைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள். நில உரிமையாளரின் நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான் போகும், அதையும் கூட்டுங்கள். விற்பவர் மறுத்தால்? நானாக இருந்தால் விலகிவிடுவேன். எக்ஸ்சேஞ்ச் நடக்கும் வரை இரு பக்கமும் விலகலாம், தேடல்களுக்கும் கன்வேயன்சருக்கும் கொடுத்த காசுதான் நட்டம். எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு விலகினால் நீங்கள் கட்டிய 10 சதவீதம், அதாவது 34,000 பவுண்ட், போய்விடும்.

இவ்வளவு வேலை இருப்பதால் கன்வேயன்சர் யார் என்பது முக்கியம். ஏஜென்ட் சொல்பவரை வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவரை அனுப்பினால் ஏஜென்டுக்குக் கமிஷன் கிடைக்கிறதா என்று நேரே கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர் கடமை. நீங்கள் தேடிப் பிடிப்பவரிடம் ஒரே கேள்விதான்: விற்பவரின் 42ஆம் பிரிவு நோட்டீஸை வாங்குபவருக்கு மாற்றிய வேலை செய்திருக்கிறாரா? தடுமாறினால் அடுத்தவரைப் பாருங்கள். பராமரிப்புக் கட்டணத்தின் மூன்று ஆண்டுக் கணக்கு, சேமநிதி, 20ஆம் பிரிவின் கீழ் (பிளாட்காரர்களிடம் செலவு கேட்கும் அறிவித்தலோடு) பெரிய திருத்த வேலை வருகிறதா என்பதையெல்லாம் அவர் கேட்டு வாங்குவார். கட்டடம் 11 மீட்டரோ அதற்கு மேலோ உயரம் என்றால் அல்லது ஐந்து மாடியோ அதற்கு மேலோ என்றால், வெளிச்சுவர்த் தீப்பாதுகாப்புப் பத்திரங்களும் வேண்டும்.

காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு வருவோம். கன்வேயன்சரும் வங்கியும் ஒவ்வொரு பவுண்டும் வந்த வழியைக் கேட்பார்கள். சீட்டு நமக்குப் புரியும், அவர்களுக்குப் புரியாது. உங்கள் கணக்கிலிருந்து மாதாமாதம் போனதும், எடுத்தபோது வந்ததும் வங்கிக் கூற்றில் தெரிந்தால் விளக்கலாம். கையில் காசாக மாறிய சீட்டு என்றால் இந்த முற்பணத்துக்கு அதை நம்ப வேண்டாம். இன்னொன்று, சீட்டை முன்கூட்டியே எடுத்திருந்தால் மிச்சத் தவணைகள் உங்கள் கடன். மோர்ட்கேஜ் விண்ணப்பத்தில் அதைக் காட்ட வேண்டும்.

மாமாவின் 10,000 பவுண்டுக்கு வங்கி ஒரு கடிதம் கேட்கும்: இது அன்பளிப்பு, திருப்பி வாங்கமாட்டேன், வீட்டில் எனக்குப் பங்கு இல்லை என்று. அவருடைய அடையாளப் பத்திரமும் வங்கிக் கூற்றும் கூடவே போக வேண்டும். "ஆறுதலாகப் பார்த்துத் தா" என்று சொன்னவர் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால், அது வங்கிக்குச் சொல்லும் பொய். கடன் என்றால் கடன் என்றே காட்டுங்கள், வங்கி தரும் தொகை குறையலாம். அல்லது மாமாவிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், "மாமா, இதைத் தந்ததாகவே வைத்துக்கொள்வோமா?" என்று. அவர் யோசிக்கும் நேரத்திலேயே உங்களுக்குப் பதில் தெரிந்துவிடும்.