பிடுங்கிப் போட்ட துவரை

கேள்வி: எங்கள் செம்மண் காட்டில் போன ஆடியில் 24 சந்தனக் கன்று நட்டோம். பாக்கெட்டிலேயே ஒரு துவரைச் செடியும் சேர்ந்து வளர்ந்திருந்தது. களை என்று நினைத்துப் பிடுங்கிவிட்டேன். கன்றைச் சுற்றிப் புல்கூட இல்லாமல் கொத்தி வைத்திருக்கிறேன். எரு, தண்ணீர் எதிலும் குறைவில்லை. ஆனாலும் 20 கன்று வெளுத்துப்போய் வளராமல் நிற்கிறது. வேலியோரம் புங்கமரத்தடியில் வைத்த 4 மட்டும் இடுப்புயரம் வந்துவிட்டது. மண்ணில் கோளாறா?
– வாசகி, திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: மண்ணில் ஒரு கோளாறும் இல்லை அம்மா. அந்த 20 கன்றும் பசியில் நிற்கின்றன. நீங்கள் பிடுங்கிய துவரைதான் அவற்றுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருப்பதால் வெயிலில் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரிலும் சத்துகளிலும் பெரும்பங்கை அடுத்த செடியின் வேரிலிருந்துதான் எடுக்கும். 1871-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த ஜான் ஸ்காட் இதைக் கண்டு எழுதினார். அதன்பிறகு 300-க்கும் மேற்பட்ட செடி, மரங்களின் வேரை அது பிடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் புங்கமும் அதில் ஒன்று.

நானும் முதல் தடவை 40 கன்றைத் தனியாக வைத்து, இரண்டாம் கோடைக்குள் முக்கால்வாசியைப் பறிகொடுத்தேன். வேலியோரம் பிழைத்த ஒன்றின் பக்கத்தில் கையாலேயே மண்ணை விலக்கிப் பார்த்தேன். சந்தன வேரில் மிளகு அளவுக்கு வெள்ளை முடிச்சுகள். ஒவ்வொன்றும் பக்கத்து வேரைக் கவ்விக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எந்தச் சந்தனத்தின் அடியிலும் மண்வெட்டி போட்டதில்லை. நீங்களும் கொத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். கொத்தும்போது அறுந்துபோவது அந்தப் பிடிப்புதான். புல் உயர்ந்தால் அரிவாளால் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சாண் தள்ளி நாலைந்து துவரை ஊன்றுங்கள். முளைத்து வேர் விட்டதும் சந்தனம் தேடிப் பிடித்துக்கொள்ளும். துவரை கன்றைவிட உயர்ந்து மூடினால் நுனியைக் கிள்ளிவிடுங்கள், வேரோடு எடுக்காதீர்கள். துவரையின் ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். அது காய்வதற்குள் நிரந்தரத் துணை தயாராக வேண்டும். அதனால் ஐந்தடி தள்ளிச் சவுக்கையும் இந்த மழையிலேயே வைத்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது சவுக்குதான்: நிழல் லேசாக விழும், வேர் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். மலைவேம்பும் வைக்கலாம். புளியமரத்தடி போன்ற அடர்ந்த நிழல் மட்டும் வேண்டாம். இளங்கன்றுக்குப் பக்கவாட்டு நிழல் நல்லது. தலைக்கு மேல் வெளிச்சம் கட்டாயம். அப்புறம், அடியில் தண்ணீர் தேங்கவே கூடாது.

இலை வெளுப்பது பசி. அதுவே சிறுத்து, விறைத்து, கொத்துக் கொத்தாக நின்றால் அது ஸ்பைக் நோய். அதற்கு மருந்து இல்லை; அந்தக் கன்றை அப்புறப்படுத்துவதுதான் வழி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது இல்லை.

வேலியோரத்து நாலையும் நன்றாகக் கவனியுங்கள். இன்னும் சில வருடத்தில் பூக்கும்: வைக்கோல் நிறத்தில் விரிந்து கருஞ்சிவப்பாக மாறும் சின்னப் பூ. முகர்ந்து பார்த்தால் வாசனை இருக்காது, ஏமாறாதீர்கள். வாசனையெல்லாம் உள்ளே வைரம் பாயும்போது வருவது. அதற்குப் பத்துப் பதினைந்து வருடமாவது வேண்டும்.

சரி, சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2002-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டபின் பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்குத்தான் சொந்தம். ஆனால் வனத்துறை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. கன்று சிறிதாக இருக்கும்போதே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அடங்கலில் எழுதச் சொல்லுங்கள். புங்கத்தடியில் நிற்கும் நாலையும் விட்டுவிடாமல் கணக்கில் சேருங்கள்.