காட்டுப்பன்றியைச் சுடலாமா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

பயிர்ச்சேதம் குறித்த ஆய்வுகளில் பல காலம் வேலை பார்த்தவன் நான். காட்டுப்பன்றிகளைச் சுடுவது பற்றித் தமிழக அரசு 2025 ஜனவரியில் எடுத்த முடிவையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மக்காச்சோளம் ஒரே ராத்திரியில் போய்விட்டது சார். இனி நானே சுடலாமா? (விவசாயி, திண்டுக்கல்)

கூடாது. அந்த முடிவின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை யாருமே சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். அதையும் தாண்டி வந்தால்தான் துப்பாக்கி, அதுவும் வனத்துறையினர் கையில். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே அனுமதி கொடுக்கலாம் என்று இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

ஓர் உயிரைக் கொல்ல நமக்கு என்ன உரிமை ஐயா? (ஆசிரியை, வடலூர்)

நியாயமான கேள்வி. ஆனால் சுடாவிட்டால் எதுவும் சாகாது என்று நினைத்துவிடாதீர்கள். அவுட்டுக்காய் என்கிற, தீனிக்குள் மறைத்துவைக்கும் நாட்டு வெடி, சுருக்குக் கம்பி, திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலி என்று பன்றி ஏற்கெனவே செத்துக்கொண்டுதான் இருக்கிறது. அவற்றுக்குப் பன்றி எது, யானை எது என்று தெரியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்காகக் கட்டிய மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்தன, குட்டிகள் இரண்டு தனியாக நின்றன. பாலக்காட்டில் 2020 மே மாதம் வெடி வைத்த காயைக் கடித்துத் தாடை சிதைந்த கர்ப்பிணி யானை, ஆற்றில் நின்றபடியே செத்ததும் நினைவிருக்கும்.

பயிற்சி பெற்ற ஒருவர் ஒரே குண்டில் முடிப்பது இவற்றைவிடக் குறைந்த கொடுமை. அதற்காக அதைப் புண்ணியம் என்று நான் சொல்லவில்லை. சுடுவதால் சேதம் உண்மையிலேயே குறையும் என்று காட்ட முடிந்தால் மட்டுமே அந்தக் கொலைக்கு நியாயம் உண்டு. கோபத்தைத் தீர்த்துக்கொள்ளச் சுடுவது வேறு கணக்கு.

அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது என்கிறார்களே, யார் எண்ணியது? (கல்லூரி மாணவர், கோவை)

நல்லா கேட்டீர்கள். புலிக்கும் யானைக்கும் எடுப்பதுபோல ஊர்ப்புறத்துப் பன்றிக்கு முறையான கணக்கெடுப்பு நடப்பதில்லை. சேதம் கூடினால் தலைக்கணக்கும் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். காட்டோரம் மக்காச்சோளம் பரவினால் அதே பன்றிகள் கூடுதலாக அழிக்கும். வறண்ட கண்மாயில் சீமைக்கருவேலம் மண்டினால், பகலில் படுத்துக்கிடக்க ஊருக்குள்ளேயே இடம் கிடைத்துவிடும். பல ஊர்களில் துப்பாக்கிக்கு முன், அந்தப் புதரை வெட்ட அரிவாளை எடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, சுட்டால் குறையுமா?

கண்டபடி சுட்டால் குறையாது. ஜெர்மனியில் 2019-20 பருவத்தில் மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேல் சுட்டார்கள். பன்றி அங்கே இன்னும் பெருந்தொல்லைதான். ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டி, அந்தக் குட்டி ஒரு வயதுக்குள்ளேயே பருவமடையலாம் என்றால் வேறென்ன ஆகும்? வயலுக்குப் பழகிய கூட்டத்தைக் குறிவைத்தால் பலன் உண்டு. ‘இத்தனை சுட்டோம்’ என்ற செய்தியில் எனக்கு நம்பிக்கை இல்லை. பீகாரின் மொகாமாவில் 2016-இல் பயிரை மேயும் நீலான்கள் (நீல்காய் என்னும் பெரிய மான் போன்ற விலங்கு) இருநூறுக்கும் மேல் சுடப்பட்டபோது மத்திய அமைச்சர்கள் மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். பயிர் பிழைத்ததா என்ற கேள்வி அந்தச் சண்டையில் அமுங்கிப் போனது.

கருத்தடை செய்யலாமே?

அதற்கு முதலில் பிடிக்க வேண்டும். இமாச்சலில் குரங்குகளுக்குச் செய்கிறார்கள். இரவில் வந்து போகும் பன்றியிடம் இது நடக்காது.

தென்னாப்பிரிக்காவில் யானைகளையே சுட்டார்களாமே? (சென்னை வாசகர்)

ஆமாம். க்ரூகர் பூங்காவில் 1967 முதல் 1994 வரை பதினாலாயிரத்துக்கும் மேல். குடும்பத்தோடு சுட்டுவிட்டுக் குட்டிகளை வேறு காடுகளுக்கு அனுப்பினார்கள். அதே நாட்டின் பிலானஸ்பெர்க் பூங்காவுக்குப் போன குட்டிகளுக்கு அடக்கிவைக்கப் பெரிய ஆண்கள் இல்லை. அவை வளர்ந்து இளவயதிலேயே மதம் பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. எத்தனை என்பதோடு எதைச் சுடுகிறோம் என்றும் பார்க்க வேண்டும். குட்டிக்குப் பால் கொடுக்கும் பன்றியைச் சுடுவதை நான் ஏற்கமாட்டேன்.

சுட்ட பன்றியைச் சாப்பிடலாமா?

சட்டம் விடாது. இவ்வளவு கறியையும் புதைப்பது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் கறிக்கு விலை வந்துவிட்டால் 3 கி.மீ. என்பது சுருங்கி 300 மீட்டர் ஆகிவிடும்.

எங்கள் நிலம் காட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. எங்களுக்கு என்ன வழி அண்ணா? (சத்தியமங்கலம்)

இந்த ஏற்பாட்டில் அதிகம் அடிபடுவது நீங்கள்தான். அங்கே சுடக்கூடாது என்பது சரியே, ஏனென்றால் அந்தப் பன்றி புலிக்கும் செந்நாய்க்கும் இரை. ஆனால் ஊருக்கெல்லாம் வேண்டிய புலிக்கு உங்கள் வயல் மட்டும் தீனி போடுவது என்ன நியாயம்? இழப்பீடு உங்கள் உரிமை, கூச்சப்படாமல் கேளுங்கள். சேதத்தைப் படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடம் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் வாங்கி, வனச்சரக அலுவலகத்தில் உடனே மனு கொடுங்கள். அதிகாரி வந்து பார்ப்பதற்குள் வயலை உழுதுவிடாதீர்கள்.