உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இலங்கையின் அரசியலையும் மனித உரிமைகளையும் உண்மையிலேயே மாற்றுகின்றனவா?

மாற்றுகின்றன. திருகோணமலையில் இருப்பவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது 2006 ஒக்டோபர் 16.

1988இல் வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக்கினார்கள். தலைநகர் எங்கள் ஊர். இணைப்பு தொடரலாமா என்று கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது இந்திய-இலங்கை ஒப்பந்தம். வந்த ஜனாதிபதிகள் எல்லோரும் அதைத் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் கிழக்கைச் சேர்ந்த மூன்று பேர் ஜே.வி.பி. கட்சியின் ஆதரவோடு வழக்குப் போட, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் ஐந்து நீதியரசர்கள் இணைப்பே செல்லாது என்றார்கள். ஆயுதங்கள் கையளிக்கப்பட்டு மோதல் நின்றால்தான் மாகாணங்களை இணைக்கலாம் என்றது சட்டம். அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அவசரகால விதி போட்டு அந்த நிபந்தனையையே திருத்தினார். அப்படித் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பு.

சட்ட நியாயம் வலுவானதுதான். இங்குள்ள சிங்களவர், முஸ்லிம்கள் பலருக்கு அது நிம்மதி, தமிழர் பலருக்கு இடி. ஆனால் எந்தப் பக்கத்தாரிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். 2007 ஜனவரி 1 முதல் இரண்டு மாகாணம். அடுத்த ஆண்டே கிழக்குக்குத் தனித் தேர்தல்.

மனித உரிமையில் அதே நீதிமன்றம் இந்த இணைப்புத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்புதான், ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முடிவோடு வந்த சிங்கராசா என்பவரின் வழக்கில், ஒரு கதவை மூடியிருந்தது. தனிநபர்கள் அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்து 1997இல் இலங்கை கொடுத்த இணக்கம் அரசியலமைப்புக்கு முரண், அதனால் அந்தக் குழுவின் முடிவு இங்கே செல்லாது என்றது. எதிர்ப்பக்கமும் உண்டு, சரி: 2018இல் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தது தவறு என்று ஏழு நீதியரசர்களும் ஒருமித்துச் சொன்னார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு நடைமுறைச் சிக்கல் வேறு. அடிப்படை உரிமை மனுவை உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், அதுவும் கொழும்பில். தடுப்புக் காவலில் இருக்கும் பிள்ளையைத் தேடி அலைகிற தாய்க்கு ஒரு மாதம் எந்த மூலைக்குக் காணும்? அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அவர்கள் விசாரிக்கும் காலம் கணக்கில் வராது. இதைச் சொல்வது 1996ஆம் ஆண்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தை மறக்காமல் எழுத்தில் வாங்கி வையுங்கள்.