ஒரே ரத்தத்துக்கு இரண்டு முறை பணமா?

சென்ற முறை சர்க்கரை பார்க்கும் மெஷினைப் பற்றி இரண்டே வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. அதனால் இந்த வாரம் முழுக்க ஊசி, மெஷினில் செருகும் ஸ்ட்ரிப், ரத்தம் எடுக்கும் குழாய் பற்றித்தான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: தங்கை சென்னையிலிருந்து அம்மாவுக்கு மெஷின் வாங்கி வந்தாள். 142 என்று காட்டுகிறது. பலதுறை மருந்தகத்தில் தாதியோ 7, 8 என்று பேசுகிறார். மெஷின் பழுதா? அதற்கான ஸ்ட்ரிப்பும் இங்கே எந்த மருந்துக் கடையிலும் இல்லை.
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: பழுதில்லை. இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு, நமக்கு இங்கே சிங்கப்பூரில் மில்லிமோல் கணக்கு. 18ஆல் வகுத்தால் 142 என்பது ஏறத்தாழ 7.9.

ஆனால் வயதானவரைத் தினமும் வகுத்தல் போடச் சொல்லாதீர்கள். நான் இதே தவற்றைச் செய்தேன். திருச்சியில் மலிவாகக் கிடைத்ததென்று அப்பாவுக்கு ஒரு மெஷினும் நான்கு பெட்டி ஸ்ட்ரிப்பும் வாங்கி வந்தேன். "11க்கு மேல் போனால் உடனே கூப்பிடுங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மெஷின் 214 காட்டியது. அது 11.9 என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். அந்த இரண்டு நாளை இன்றும் நினைத்துக்கொள்வேன். இங்கே விற்கும் மெஷினாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

வாங்கும்போது மெஷின் விலையைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது ஸ்ட்ரிப் விலை. 50 ஸ்ட்ரிப் உள்ள பெட்டி 35 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு முறை பார்த்தால் ஆண்டுக்கு 730 ஸ்ட்ரிப், அதாவது 15 பெட்டி, 525 வெள்ளி. மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் கடைக்காரருக்கு நட்டமில்லை என்பது அப்போது புரியும்.

கேள்வி: விரலில் குத்தும் லான்செட் ஊசி ஒன்றை எத்தனை முறை பயன்படுத்தலாம்?
– பிடோக்

பதில்: ஒரு முறை.

கேள்வி: லான்செட்டைச் செருகி விரலில் குத்தும் பேனா ஒன்றையே நானும் கணவரும் பயன்படுத்துகிறோம். ஊசியை மட்டும் மாற்றிக்கொள்வோம். பக்கத்து வீட்டு அக்காவும் சில நாள் வந்து பார்த்துக்கொள்வார். இன்னொரு பேனா வாங்குவது வீண் செலவுதானே?
– ஈசூன் வாசகி

பதில்: வீண் செலவில்லை அம்மா. நீங்கள் செய்வது ஆபத்து. ஊசியை மாற்றினாலும் பேனாவின் முனை மூடியில் ரத்தம் ஒட்டியிருக்கும். கண்ணுக்கே தெரியாத அளவு போதும். கல்லீரல் அழற்சி பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஒரு வாரம் உயிரோடிருக்கும். அமெரிக்க முதியோர் இல்லங்களில் இப்படிப் பேனாவைப் பகிர்ந்துகொண்டதால் இந்த நோய் பலருக்குப் பரவியது. அதன்பிறகு 2010இல் அந்நாட்டு அதிகாரிகளே "ஒரு பேனா, ஒரே ஆள்" என்று எச்சரிக்கை விட்டார்கள். அக்காவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மூன்று பேருக்கு மூன்று பேனா. இன்றைக்கே வாங்குங்கள்.

கேள்வி: ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தேன். 7.4, பிறகு 8.1. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள். புகார் கொடுக்கலாமா?
– சிராங்கூன்

பதில்: வேண்டாம், கடைக்காரர் பக்கம்தான் நியாயம். வீட்டு மெஷினுக்கான ஐஎஸ்ஓ 15197 தரவிதி 2013 முதல் கேட்பது இவ்வளவுதான்: 5.55க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 முடிவுகள், ஆய்வுக்கூட அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் வரக்கூடியதுதான்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தீர்களா? மாம்பழம் உரித்த விரலில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். விரலைப் பிழியவும் கூடாது. பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். அங்கே வலியும் குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மூடி திறந்து கிடந்தாலே ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

கேள்வி: ஊசியே இல்லாமல் சர்க்கரை காட்டும் மோதிரம், இணையத்தில் 69 வெள்ளி. வாங்கட்டுமா?
– பொங்கோல்

பதில்: வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் மோதிரம், கைக்கடிகாரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகச் சொன்னது. அது காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: எனக்கு 71 வயது. புளோக்குக்குக் கீழே மேசை போட்டு இரண்டு பேர் இலவசப் பரிசோதனை என்றார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். காசு அடுக்கியதுபோல் அணுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. "ரத்தம் கெட்டியாகிவிட்டது, பக்கவாதம் வரும்" என்றார்கள். மறுநாள் கூப்பிடாமலே வீட்டுக்கு வந்து 1,280 வெள்ளிக்கு மாத்திரை விற்றுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– ஜூரோங் வெஸ்ட் பெரியவர்

பதில்: ஐயா, வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். பயமுறுத்தி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் முன்னால் யாராக இருந்தாலும் தடுமாறுவார்கள். பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள். பணத்தைத் திரும்ப வாங்க அவர்களுடைய துணை வேண்டும்.

முதலில் உங்கள் பயம் தீரட்டும். கண்ணாடித் துண்டில் வைத்த ரத்தச் சொட்டு கொஞ்சம் தடிமனாக இருந்தாலோ சில நிமிடம் அப்படியே நின்றாலோ, யாருடைய சிவப்பணுவும் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்ளும். என் ரத்தத்தை வைத்தாலும் அப்படித்தான் தெரியும். அதை வைத்துப் பக்கவாதம் வருமென்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். உங்களுக்கு உண்மையில் எப்படி இருக்கிறதென்று உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்.

இனிப் பணம். அழைக்காமல் வீடு தேடி வந்து விற்றால், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் கடிதம் கிடைத்தபோது மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதனால்தான் அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டேன். மற்ற வாசகர்களுக்குச் சொல்வது: ஐந்து நாள் தாண்டிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். பொய் சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற செயல். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள். அங்கும் தீரவில்லையென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் கோரலாம். வழக்கறிஞர் வேண்டாம். ரசீது, மாத்திரை டப்பா, அவர்கள் கொடுத்த அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: தனியார் மருந்தகம் ஒன்றில் ரத்தம் கொடுத்தேன். மூன்று இடத்தில் குத்தினார்கள். மறுநாள் கூப்பிட்டு, "ரத்தம் கெட்டுவிட்டது, மறுபடி வாருங்கள்" என்றார்கள். போனால் மறுபடியும் 38 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். என் ரத்தத்தில் கோளாறா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: உங்கள் ரத்தத்தைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் குறை எடுத்த விதத்தில்தான். இது எனக்கு நெடுநாளாக மனத்தில் குமையும் விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"ரத்தம் கெட்டுவிட்டது" என்றால் பெரும்பாலும் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். மெல்லிய ஊசியால் பெரிய சிரிஞ்சில் வேகமாக இழுத்தால் உடையும். சிரிஞ்சிலிருந்து குழாய்க்குள் அழுத்திப் பீய்ச்சினாலும், குழாயைப் போட்டுக் குலுக்கினாலும் உடையும். உடைந்தால் அணுவுக்குள்ளிருந்த பொட்டாசியம் வெளியே வந்து கணக்கைக் கெடுத்துவிடும். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. "கையை மூடித் திறந்து, மூடித் திற" என்று சொல்வதும் தவறு, அதனாலும் பொட்டாசியம் ஏறும்.

குழாய் மூடிகளின் நிறத்துக்கும் ஒரு வரிசை உண்டு. இளநீலம் முதலில், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா மூடிக் குழாயில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த உறைதடுப்பு மருந்து. அதை முதலில் நிரப்பி, அதன் சுவடு அடுத்த குழாய்க்குப் போனால் பொட்டாசியம் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் காட்டும். இளநீலக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து என்று அளவு இருக்கிறது. கோடு வரை நிரம்பாவிட்டால் ஆய்வுக்கூடம் திருப்பி அனுப்பிவிடும். குழாயைக் குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், ஊதாவை எட்டு முதல் பத்து முறை.

இதெல்லாம் ரத்தம் எடுப்பவரின் வேலை. கை நீட்டி உட்கார்ந்திருப்பவரின் வேலை இல்லை. நீங்கள் 38 வெள்ளி கொடுத்தது பரிசோதனை முடிவுக்காக. முடிவு வரவில்லை என்றால் வாங்கிய சேவை இன்னும் முடியவில்லை. மறுபடி எடுப்பது அவர்கள் செலவு. கோழிக்கறி கேட்டவருக்குக் கருகிய கறியைக் கொடுத்துவிட்டு, புதிதாகச் சமைக்க இன்னொரு முறை பணம் கேட்கும் கடையில் நாம் பேசாமல் இருப்போமா? வெள்ளைச் சட்டையைக் கண்டதும் மட்டும் வாய் மூடிக்கொள்கிறோம். அந்த மருந்தகத்துக்கு எழுதுங்கள். மாதிரி ஏன் நிராகரிக்கப்பட்டது என்று ஆய்வுக்கூடம் தந்த காரணத்தைக் கேளுங்கள், இரண்டாவது 38 வெள்ளியைத் திருப்பிக் கேளுங்கள்.

அடுத்த முறைக்கு: இரண்டு முறை தவறினால் வேறு ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். குழாயில் உங்கள் பெயரை உங்கள் கண் முன்னாலேயே ஒட்டச் சொல்லுங்கள். இரண்டையும் தயங்காமல் கேட்கலாம், நல்ல தாதி கோபித்துக்கொள்ளமாட்டார்.

கேள்வி: அப்பாவுக்கு நரம்பே கிடைப்பதில்லை. வீட்டுக்கு வரும் தாதிக்கு உதவியாக, நரம்பைக் காட்டும் விளக்கு வாங்கலாமா? 120 வெள்ளி.
– கிளமெண்டி வாசகி

பதில்: நான் வாங்கினேன். அம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றி ஏற்றி நரம்பெல்லாம் கல்லாகியிருந்த நேரம். மருத்துவமனைக் கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். நரம்பிலுள்ள ரத்தம் அதை உறிஞ்சிக்கொள்ளும், கருவி அதைப் படமாக்கித் தோல் மேல் காட்டும். நான் வாங்கியது வெறும் சிவப்பு விளக்கு. அம்மாவின் மாநிறக் கையில் அது ஒன்றையும் காட்டவில்லை. தாதி அதை ஓரமாக வைத்துவிட்டு, விரலால் தடவியே நரம்பைக் கண்டுபிடித்தார்.

பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். நீர் குடிக்கத் தடையில்லையென்றால் அப்பா முந்தைய நாளிலிருந்தே நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும். வெதுவெதுப்பான துணியைக் கையில் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். மெல்லிய நரம்புக்கு 23 எண் பட்டாம்பூச்சி ஊசி இருக்கிறதா என்று தாதியிடம் கேளுங்கள். எண் கூடினால் ஊசி மெலியும். அப்பாவுக்கு ரத்தச் சுத்திகரிப்புக்காக ஒரு கையில் இணைப்பு வைத்திருந்தால் அந்தக் கையை மட்டும் யாரையும் தொட விடாதீர்கள்.

கேள்வி: விரலில் குத்திச் சில சொட்டு அனுப்பினால் 70 பரிசோதனை, புற்றுநோய்க் குறியீடும் சேர்த்து 388 வெள்ளி என்கிறார்கள். எனக்கு 46 வயது, குடியுரிமை உண்டு.
– செங்காங்

பதில்: சில சொட்டில் எல்லாம் தெரியும் என்று சொல்லித்தான் அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ், 2003இல் தொடங்கிய தன் தெரனோஸ் ரத்தப் பரிசோதனை நிறுவனத்தைப் பெரிதாக்கினார். முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022இல் தீர்ப்பாகி, 11 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றார். விரல் சொட்டில் சில பரிசோதனைகள் நன்றாகவே செய்யலாம், 70 வேண்டாம். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் புற்றுநோய்க் குறியீடு பார்ப்பது வீண் பயத்தைத்தான் தரும். 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு ஸ்கிரீன் ஃபார் லைஃப் என்ற அரசாங்கப் பரிசோதனைத் திட்டத்தில் அடிப்படைப் பரிசோதனைகளுக்கு 5 வெள்ளிக்கு மேல் ஆகாது. குடும்ப மருத்துவரிடம் பதியும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்திருந்தால் அதுவும் இல்லை.

கேள்வி: துப்புரவு வேலை செய்கிறேன். குப்பைப் பையைத் தூக்கும்போது சர்க்கரை ஊசி உள்ளங்கையில் குத்திவிட்டது. ஊசி குத்தாத கையுறை எங்கே விற்கும்? என் காசில் வாங்கிக்கொள்கிறேன்.
– ஒரு தொழிலாளர்

பதில்: தம்பி, உங்கள் காசில் வாங்க வேண்டாம். கையுறை தர வேண்டியது முதலாளி. ஊசியை முழுக்கத் தடுக்கும் கையுறை எதுவும் இல்லை, தடித்தது ஓரளவுக்குத் தாங்கும். இனி ஒருபோதும் பையைக் கையால் அமுக்காதீர்கள், உடம்போடு அணைத்துத் தூக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எண் இருந்ததால் அன்றே பேசினேன், நீங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டீர்கள் என்பது ஆறுதல். வேறு யாருக்கும் இப்படி நடந்தால்: சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதலாளியிடமும் அன்றே சொல்லுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, வேலை அனுமதிச் சீட்டில் வந்தவருக்கும் அது உண்டு.

மெஷின் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களே, துணி துவைக்கும் திரவம் வந்த கெட்டியான பிளாஸ்டிக் போத்தலைத் தூக்கிப் போடாதீர்கள். பயன்படுத்திய ஊசியெல்லாம் அதற்குள் போகட்டும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியைத் திருகி, ஒட்டுநாடா சுற்றி, "ஊசி" என்று ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள்.